யாரும் தொடாத இடத்தில் ஒரு விரல்

என்னுடைய யோசனையை எடுத்துக்கொண்டு போனவர் நீங்கள்தான் சார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் நாலு பேர் உங்களைத்தான் பாராட்டுவார்கள்.

டச் ஸ்கிரீன் ரிப்பேர் என்பது, யாருமே தொடாதபோது ஒரு கண்ணாடி எதற்காக 'தொட்டார்கள், தொட்டார்கள்' என்று அலறுகிறது என்று கண்டுபிடிக்கிற தொழில். டி.வி., மிக்ஸி, மோட்டார் என்று எதையாவது பிரித்துப் போட்டுப் பிழைக்கிற அண்ணன் தம்பிகளே, உங்களுக்கு இது புரியும். பொருள் ஓடினால் கம்பெனிக்குப் பெயர். நின்றால் நமக்குப் பெயர்.

நான் மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் இருக்கிற ராமாபுரத்துக்காரன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். மைசூர் மண்டி மொஹல்லாவில் ரேடியோ, டி.வி. என்று பற்றவைத்துப் பற்றவைத்தே தொழிலைப் படித்தேன். பெங்களூரில் ஒரு கம்பெனி, விரலால் தொட்டால் வேலை செய்கிற கம்ப்யூட்டர் பெட்டிகளை மைசூரில் விற்க ஆரம்பித்தது. தினம் ஒரு ஆளை பஸ் ஏற்றி அனுப்பக் கட்டுப்படியாகவில்லை. மூன்று நாள் மேனேஜரோடு மல்லுக்கட்டி அந்த சர்வீஸ் வேலையை நான் வாங்கினேன். மாதம் ஒரு முறை மேற்பார்வைக்கு ஒரு இன்ஜினியர் வருவார். மெட்ராஸில் படித்தவர். இடுப்பில் பேஜர், சூட்கேஸில் மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டுகிற ஆஸிலாஸ்கோப், மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தும் மடிப்புக் கலையாத சட்டை. அந்த மடிப்பைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். உங்களிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது?

இப்போது கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் டிப்ளமோ படித்தவர்கள் மட்டும்தான் பெட்டியின் சீலை உடைத்துத் திறக்கலாமாம். என்னிடம் டிப்ளமோ இல்லை. மைசூர் வேலை என் கையை விட்டுப் போகிறது. அதை நிறுத்தக்கூடிய ஆள் ஒருவர்தான், அந்த மடிப்புச் சட்டைக்காரர். ஏன் அவர் என்று கேட்பீர்கள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மூன்றாவது கால்

முதலில் பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. கண்ணாடியின் நான்கு மூலைகளிலிருந்தும் கொஞ்சூண்டு மின்சாரம் அதன் மேல் பரவிக்கொண்டிருக்கும். விரல் பட்டால் அந்த இடத்தில் துளி கசியும். எந்த மூலையிலிருந்து எவ்வளவு கசிந்தது என்று கணக்குப் போட்டு, விரல் இங்கே என்று பெட்டி சொல்லும். கசிவு அவ்வளவு சின்னது என்பதால், பக்கத்தில் ட்யூப்லைட் சோக் முனகினால்கூட அதையும் விரல் என்று நம்பிவிடும். காதுக்குக் கேட்காத இரைச்சல் அது. நாய்ஸ் என்பார் இன்ஜினியர். நான் சனியன் என்பேன்.

ஒரு பட்டுச் சேலைக் கடை. முதலாளி மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கும் தமிழர். வீட்டில் தமிழ், கல்லாவில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். கடை நடுவில் எங்கள் பெட்டி. நிறத்தைத் தொட்டால் அந்த நிறச் சேலைகள் படமாக வரும். மழைக்காலம் முழுக்க ஒழுங்காக இருந்தது. ஜனவரி வந்ததும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு அம்மாள் பச்சையைத் தொட்டால், பச்சை வந்து நிற்பதற்குள் கல்யாணக் கூறைக்குத் தாவும், அங்கிருந்து குழந்தைகள் பாவாடைக்குத் தாவும். நான் போய் உட்கார்ந்தேன். என்னிடம் இருக்கும் ஒரே கருவி அணைப்பது. ஃபேனை அணை, பார். லைட்டை அணை, பார். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் திரை குதித்தது. அப்புறம்தான் கவனித்தேன், விற்பனையாளர் சேலையை உதறி விரிக்கும்போதெல்லாம் குதிக்கிறது. வறண்ட காற்று, கீழே நைலான் விரிப்பு, கையில் பட்டு. ஒவ்வொரு உதறலுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டி மின்னல். அது இறங்கிப்போக எர்த் வேண்டுமே என்று பெட்டிக்குப் பின்னால் தவழ்ந்து போனால், சுவரில் இருப்பது இரண்டு ஓட்டை. எங்கள் பிளக்குக்கு மூன்று கால். கடை எலக்ட்ரீஷியன் மூன்றாவது காலை வெட்டி எறிந்துவிட்டு மாட்டியிருக்கிறான். எர்த்துக்கான கால்.

நான் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு எர்த் கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது இன்ஜினியர் வந்தார். ஆஸிலாஸ்கோப்பைத் திறந்து வைத்தார். பச்சைக் கோடு ஒன்று வெறி பிடித்து ஆடியது. சேலை வாங்க வந்தவர்கள் முதற்கொண்டு அதைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். நான் கீழே கடைசி முறுக்கைப் போட்டேன். மேலே பச்சைக் கோடு அடங்கியது. கூட்டம் அவரைப் பார்த்துத் தலையாட்டியது. அவருக்கு வெள்ளி டம்ளரில் காபி வந்தது, எனக்கு எவர்சில்வரில். முழங்கை தூசியைத் தட்டிக்கொண்டு நான் எழுந்ததும் முதலாளி என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "நீங்க வயர் கட்டினதும் நல்ல காரியம்தான் மாதேஷ், இல்லேங்கல. ஆனா நோடி, பாருங்க, அவர் கோடு காட்டினப்புறம்தானே அது பயந்து நின்னுச்சு!"

நான்கு மூலையிலும் சந்தனம்

அகர்பத்தி பேக் செய்கிற ஒரு ஃபேக்டரி. மெஷினின் முகப்பில் எங்கள் டச் பேனல். பாக்கெட்டுக்கு எத்தனை குச்சி என்று அதில்தான் தொட்டு வைக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு மறுநாள் போன் வந்தது. யார் என்ன தொட்டாலும் பேனல் கேட்கவில்லையாம். முதலில் பெங்களூருக்குப் பேசியிருக்கிறார்கள். இன்ஜினியர் போனிலேயே 'கண்ணாடியை மாற்றிவிடுங்கள்' என்று சொல்லியிருக்கிறார். புதுக் கண்ணாடி வருவதற்குள் நான் போனேன். பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கண்ணாடியின் நான்கு மூலையிலும் கட்டைவிரல் அகலத்துக்கு ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம். நடுவில் எண்கள் தெரிய வேண்டும் என்று நடுவை மட்டும் சுத்தமாக விட்டிருந்தார்கள். எவ்வளவு அக்கறை! நடுவில் வைத்திருந்தால்கூட அந்த ஒரு இடம்தான் கெட்டிருக்கும். மின்சாரம் புறப்படுகிற நான்கு வாசலையும் பார்த்து அடைத்திருந்தார்கள்.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பேனல் உடனே சரியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் சண்டை. அங்கே சூப்பர்வைசர் ராஜம்மா, சேலம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர், ஐம்பது பெண்களை மேய்க்கிறவர், என் சத்தத்துக்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை.

"இனிமே கண்ணாடியில வைக்காதீங்கம்மா. இரும்புல வைங்க."

"இரும்பு உடம்பு. இது முகம். பொட்டு முகத்துலதான் வைப்பாங்க."

"சரி, மேல் சட்டத்துல ஒண்ணு வச்சுக்குங்க."

"நாலு."

"ஒண்ணு."

"ரெண்டு. பூவும் சுத்துவோம்."

பேரம் பேசியே பிழைக்கிறவன் நான். பெங்களூர் சிவாஜிநகர் பழைய சாமான் வியாபாரிகளை அழவிட்டவன். ராஜம்மாவிடம் இரண்டு பொட்டு, ஒரு முழம் பூ என்று ஒத்துக்கொண்டு வெளியே வந்தேன். நடந்ததைக் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். இருபது நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து எல்லா ஊருக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. கண்ணாடி மேல் பூஜைப் பொருள் எதுவும் படக்கூடாது, பட்டால் இன்னின்ன ஆகும். கீழே கையெழுத்து யாருடையது என்று நினைக்கிறீர்கள்? போனிலேயே கண்ணாடியை மாற்றச் சொன்னவருடையது. அதைக் கொண்டுபோய் ராஜம்மாவிடம் காட்டிக் கத்தினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோபப்படாதீங்க. அடுத்த வருஷம் பூஜைக்கு நீங்களும் வந்துடுங்க, உங்களுக்கும் ஒரு பொட்டு வச்சுடறோம். நீங்களும் எங்க மெஷினுங்கள்ல ஒண்ணுதானே!"

மலைக்கு வந்த வாந்தி

மாதேஸ்வரன் மலையில் ஒரு தனியார் சத்திரம். யாரோ ஒரு பணக்காரர் வேண்டுதல் வைத்து அங்கே எங்கள் பெட்டி ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டார். அறை, சாப்பாடு, பஸ் நேரம், மொட்டை போடும் இடம், எல்லாம் தமிழிலும் கன்னடத்திலும் தெரியும். முதல் படத்தில் புலி மேல் சாமி. விற்றவர்களுக்கு ஒன்று தோன்றவில்லை. சாமி படத்தைக் கண்டால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? குளித்த ஈரக் கையோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஒருவர் இல்லை, ஒரே நேரத்தில் எட்டுப் பேர். இந்தப் பெட்டிக்கு இரண்டு விரல் என்பதே தெரியாது. ஒரு கை இந்த ஓரத்திலும் ஒரு கை அந்த ஓரத்திலும் பட்டால், நடுவில் ஒரு விரல் பட்டது என்று எடுத்துக்கொள்ளும். பஸ் நேரம் கேட்டவருக்கும் அறை கேட்டவருக்கும் சேர்த்து மொட்டை போடும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

கொள்ளேகாலத்தில் பஸ் ஏறி, இன்ஜினியரும் நானும் சேர்ந்து போனோம். மலை வளைவுகளில் அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டுக்கொண்டு குடலே வெளியே வருவது போல வாந்தி எடுத்தார். அந்தச் சட்டை மடிப்புக் கலைந்ததை அன்றுதான் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டும்போது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பாவம்தான், ஒத்துக்கொள்கிறேன். மேலே போய் நான் மூன்று மணி நேரம் எர்த்தைப் பார்த்தேன், கம்பியைப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்தேன். அவர் வெளிறிய முகத்தோடு ஓரமாக உட்கார்ந்து ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, திரையில் இருந்த சாமி படத்தை எடுத்துவிட்டு வெறும் எழுத்தை வைத்தார். கடையில் ஒரு சாமி படம் வாங்கி வந்து பெட்டிக்கு மேலே மரத்தில் ஒட்டச் சொன்னார். ஜனங்கள் மேலே இருப்பதைத் தொட்டு ஒற்றிக்கொண்டார்கள், கீழே ஒவ்வொருவராக நின்று பஸ் நேரம் பார்த்தார்கள்.

நல்ல யோசனை. என் யோசனை இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போதாக்குறைக்கு என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ராமாபுரத்துப் பெரியவர் ஒருவர் மொட்டைத் தலையோடு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது: "ஏனப்பா மாதேசா, இந்தச் சாமி பேரையே வச்சுக்கிட்டு உனக்குத் தோணாம, வாந்தி எடுத்த மனுசனுக்குத் தோணிப்போச்சே!"

ஐந்து கடை

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். என் பிழைப்பு இதில்தான் தொங்குகிறது.

மண்டி மொஹல்லாவில் ஒரு டிபன் ஹோட்டல். பில் போடுவதற்கு எங்கள் டச் ஸ்கிரீன். சுவருக்கு அந்தப் பக்கம் மாவரைக்கிற மோட்டார், இந்தப் பக்கம் பழைய சோக் போட்ட ஆறு ட்யூப்லைட். எர்த் போட்டாயிற்று, கம்பியைத் தனியாக இழுத்தாயிற்று. இருந்தாலும் மோட்டார் கிளம்பும் நேரத்தில் திரை எங்கேயாவது தாவும். இரண்டு இட்லி சாப்பிட்டவர் பில்லில் பதினேழு பூரி. இன்ஜினியர் என்ன செய்தார் என்றால், திரை ஐந்து தடவை படிக்கட்டும், ஐந்தையும் கூட்டிச் சராசரி எடுக்கட்டும் என்று புரோகிராம் எழுதிக் கொண்டுவந்தார். இன்னும் கெட்டுப்போயிற்று. நாலு தடவை இட்லி மேல் விரல் இருந்தாலும், ஒரே ஒரு தடவை மோட்டார் அடித்த அடியில் எண் எங்கேயோ போய்விட்டால், சராசரி பாதி வழியில் வடை மேல் போய் நிற்கும். முதலாளி பெட்டியைத் தூக்கித் தெருவில் போடப்போவதாகச் சொன்னார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாங்கள் வெளியே வந்தோம்.

இன்ஜினியருக்கு, மனைவிக்கென்று ஒரு கருங்காலி மரப் பெட்டி வாங்க வேண்டுமாம், தந்தம் மாதிரி வெள்ளைப் பூ இழைத்தது. முதல் கடையில் சொன்ன விலைக்கே பர்ஸை எடுத்துவிட்டார். நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"என்ன சார், முதல்ல சொன்னவனையே நம்பிடறதா?"

"பின்ன எப்படித் தெரியும் சரியான விலை?"

"அஞ்சு கடை ஏறுங்க. ஒருத்தன் வெளியூர்க்காரன்னு பார்த்து வானத்துல சொல்லுவான். ஒருத்தன் மட்டமான சரக்கை வச்சுக்கிட்டுக் கீழ சொல்லுவான். அஞ்சையும் சின்னதுலேர்ந்து பெருசா வரிசையா வைங்க. நடுவுல நிக்குது பாருங்க, அதான் விலை."

"அஞ்சையும் கூட்டி அஞ்சால வகுத்தா?"

"கெட்டுது போங்க! வானத்துல சொன்ன அந்த ஒரு திருடன் மொத்தத்தையும் இழுத்துட்டுப் போயிடுவான். திருடனைக் கணக்குல சேர்க்கவே கூடாது. நடுவுல நிக்கறவனை நம்பணும். உங்க ஸ்கிரீனும் உங்கள மாதிரிதான் சார். திருடனையும் கூட்டி வகுக்குது."

கோபத்தில்தான் சொன்னேன். கருங்காலிப் பெட்டிக்காகச் சொன்னது, வாயில் ஸ்கிரீனும் சேர்ந்து வந்துவிட்டது. அவர் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான், ஸ்கூட்டர்காரன் திட்டுகிறான், அவருக்கு எதுவும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்தார். அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு கேட்டார்: "மாதேஷ், இப்ப சொன்னீங்களே, அதைத் திரும்ப ஒரு தடவை சொல்லுங்க. மெதுவா."

கைதட்டல்

பத்து நாளில் புது சிப் வந்தது. திரை ஐந்து தடவை படிக்கும், வரிசையாக வைக்கும், நடுவில் இருப்பதை மட்டும் நம்பும். டிபன் ஹோட்டலில் இட்லி இட்லியாகவே வந்தது. மூன்று மாதத்தில் எல்லா ஊர்ப் பெட்டியிலும் அந்தச் சிப் ஏறிவிட்டது. பிறகு பெங்களூரில் ஒரு கூட்டம். எல்லா ஊர் சர்வீஸ் ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இன்ஜினியர் மேடையில் நின்று, விளக்குப் பெட்டியில் பிளாஸ்டிக் தாளை வைத்து, சுவரில் காட்டினார். ஐந்து புள்ளி, நடுப்புள்ளிக்கு ஒரு வட்டம். ஆங்கிலத்தில் ஏதோ பெயர் சொன்னார். 'நான் கண்டுபிடித்த முறை' என்று அவர் சொல்லவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. மேனேஜர்தான் எழுந்து, 'நம் இன்ஜினியர் கண்டுபிடித்த முறை' என்றார். இவர் இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்குப் பதவி உயர்வு. எங்களுக்கு ஆளுக்கு ஒரு பேனா.

நான் எழுந்தேன். என் வாய் உங்களுக்குத் தெரியும். இவ்வளவு தூரம் படித்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. தமிழ், கன்னடம், மண்டியில் கற்ற உருது எல்லாவற்றையும் கலந்து கத்தினேன். மடிப்புச் சட்டையைச் சொன்னேன், வெள்ளி டம்ளரைச் சொன்னேன், சந்தனச் சுற்றறிக்கையைச் சொன்னேன், மலையில் எடுத்த வாந்தியைச் சொன்னேன். மூச்சு வாங்கியபோது மேனேஜர் என்னை வெளியே அழைத்துப் போகச் சொன்னார். இன்ஜினியர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹூப்ளி சர்வீஸ்காரர் ஒருவர், கதக் பக்கத்தில் வளர்ந்த தமிழர், வெளியே வந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். விஷயம் என்ன என்று கேட்டார். ஐந்து கடையைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அடப்பாவி மனுஷா, உள்ளே அரை மணி நேரம் கத்துனியே, இதைத் தவிர எல்லாத்தையும் சொன்னியே!"

குமுதாவின் விரல்

இந்த ஐந்து கடை முறை யாருடையது என்பது அதை மாற்றத் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். அதற்கு ஒரு சாட்சி குமுதா. ஒரு பேக்கரியில் கேஷியர். அந்த விரலைப் போல வேகமான விரலை நான் பார்த்ததில்லை. பன், பஃப், கேக் என்று திரையில் அம்மி கொத்துவது போலத் தட்டுவார். புது சிப் வந்த பிறகு அவருக்கு மட்டும் தகராறு. நாலு தட்டினால் இரண்டுதான் ஏறுகிறது. இரைச்சல் கிடையாது, மோட்டார் கிடையாது, எர்த் முதல் தரம். பெங்களூருக்கு எழுதினார்கள். கையேட்டில் ஐந்து என்று இருக்கிறது, கேஷியரை நிதானமாகத் தொடச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

நான் போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐந்தில் நடுவில் இருப்பது விரலாக இருக்க வேண்டும் என்றால், ஐந்தில் மூன்று தடவையாவது விரல் கண்ணாடி மேல் இருக்க வேண்டும். குமுதா இரண்டு தடவைக்குள் விரலை எடுத்துவிடுகிறார். திரை அவரையே திருடன் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறது! சத்தமில்லாத பஜாரில் எதற்கு ஐந்து கடை? மூன்று போதும், மூன்றில் இரண்டு தடவை விரல் இருந்தால் போதும். போர்டில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது, மூன்று, ஐந்து, ஒன்பது என்று. அதை மூன்றில் தள்ளினேன். அந்த சுவிட்சை வைத்தவர் இன்ஜினியர்தான், அந்தப் புத்தி அவருக்கு இருந்திருக்கிறது. எப்போது தள்ள வேண்டும் என்று கையேட்டில் எழுதத்தான் அவருக்குத் தெரியவில்லை. குமுதா பத்து பன்னை ஒரே மூச்சில் தட்டிப் பார்த்தார். பத்தும் ஏறியது. கையேட்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நிதானமாத் தொடணுமாம்ல! இங்க வர்ற கூட்டம் என்ன, இந்த புக்கைப் படிச்சுட்டா வருது அண்ணா?"

நாலு வரி

கடிதம் வந்த அன்று மேனேஜருக்கு போன் செய்தேன். கத்தவில்லை. என் மனைவி பக்கத்திலேயே நின்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டிப்ளமோ இல்லாமல் விதிவிலக்குக் கொடுக்க வழி உண்டா என்று கேட்டேன். உண்டாம். இந்தப் பொருளின் தயாரிப்பில் எனக்குப் பங்கு இருப்பதாக மூத்த இன்ஜினியர் யாராவது எழுத்தில் கொடுத்தால் போதுமாம். மூத்த இன்ஜினியர் இப்போது யார் என்று கேட்டேன். யார் என்று உங்களுக்கே தெரியும்.

அவருக்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். பதில் இல்லை. என் மனைவிக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நான் எடுத்துவைத்திருந்த நகலை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னாள்: "முதல் பக்கம் பூரா அந்த ஆளோட சட்டையைத் திட்டியிருக்கீங்க. என்ன வேணும்னே ரெண்டாம் பக்கத்துல கடைசியிலதான் வருது. அதுவரைக்கும் யாரு படிப்பா?"

ஆகவே சார், இதை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். சிப்பில் எழுத எனக்குத் தெரியாது, இந்த ஜென்மத்தில் தெரியப்போவதும் இல்லை. பத்து வருடமாகப் பேரம் பேசித் தின்ற எனக்கு, நான் சொன்னது எவ்வளவு பெரியது என்று தெரியவில்லை. நடுத்தெருவில் நின்று ஒரு தடவை கேட்ட உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பேஜரும் வெள்ளி டம்ளரும் இல்லை, அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் உங்களைப் பார்த்து எனக்கு இன்றுவரை வயிறு எரிகிறது. அது உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள். சொன்னவன் நான், அதைத் திருப்பிக் கொடுங்கள்.

கம்பெனி காகிதத்தில், உங்கள் கையெழுத்தோடு, நடுவில் இருப்பதை நம்பச் சொன்னவன் மைசூர் மாதேஷ் என்று இந்த மாதம் முடிவதற்குள் நாலு வரி எழுதி அனுப்புங்கள் சார், வாழ்நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் பேரம் பேசியவன் நான், இதில் மட்டும் மூன்றரை வரிக்குக்கூட இறங்க மாட்டேன்.